ரோஜாக்கொடிக் காகிதம்

தேவதானப்பட்டியில் யார் வீட்டு விசேஷமானாலும் தட்டு அலங்காரம் சோணையம்மாள்தான். அதைப் பார்த்து யாராவது வாயைப் பிளந்துவிட்டால் அவளுக்கு ஒரு வாரம் சோறு தண்ணீர் வேண்டாம். இப்போது நிச்சயமோ சொந்த நாத்தனார் சுப்புத்தாய்க்கு. விடுவாளா? பெரியகுளம் ஒச்சாண்டி கடையில் மூன்று சுருள் சீமைக் காகிதம் வாங்கிவந்தாள். வெள்ளையில் பச்சைக்கொடி, கொடிக்கொரு ரோஜா. நாலு நாளாகப் புளியங்கொட்டைப் பசையும் கத்தரியுமாக உட்கார்ந்து கிளி, தாமரை, கற்கண்டு போடக் கூம்பு என்று ஏழு தட்டையும் நிரப்பிவிட்டாள்.

நிச்சயத்தன்று காலையில் உறைமோர் கேட்டு வந்தாள் பக்கத்து வீட்டு இருளம்மாள். மோர் ஒரு சாக்கு, கண்ணெல்லாம் தட்டில். ஒரு கிளியைத் தூக்கிப் பார்த்தவள் சட்டென்று கீழே வைத்தாள்.

"அடியே சோணை, இதை நான் கெங்குவார்பட்டியில பாத்தேன்டி. மாப்பிள்ளையோட தாத்தா செத்தாகல்ல, அவுக தேர்ப்பாடை முச்சூடும் இதே ரோசாதேன்!"

"காகிதம்னா எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கும், மதினி."

"அப்ப சரி. எனக்கென்ன வந்துச்சு? நான் யாருகிட்டச் சொல்லப்போறேன்?"

அவள் அப்படிச் சொன்னால் பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரியும். பாடைக் காகிதத்தில் சீர்த்தட்டா என்று மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விட்டால் சுப்புத்தாயின் கதி? ரோஜாவை மட்டும் கிள்ளியெடுத்தால் என்ன என்று சோணையம்மாள் ஒரு கிளியைத் தொட்டாள். ரோஜாவோடு கிளியின் கழுத்தும் வந்தது. ஒரு தாமரையில் மஞ்சள் தண்ணீர் தெளித்தாள்; சாயம் ஓடிச் சொறி பிடித்த மாதிரி ஆனது. அதற்குள் தெருவில் வண்டிமாட்டுச் சலங்கை.

சம்பந்தக்காரர்கள் வந்தார்கள், காப்பி குடித்தார்கள். கழுத்துப் போன கிளியைச் சோணையம்மாள் தட்டின் பின்பக்கம் தள்ளி வைத்தாள். மாப்பிள்ளையின் தாய் கருத்தம்மாள் நேரே தட்டுகளிடம் போனாள். குனிந்தாள். நிமிர்ந்தபோது முகத்தில் ரத்தமில்லை.

"இங்கன வாத்தா," என்று சோணையம்மாளை அடுப்படிக்குள் இழுத்தாள். "இந்தக் காகிதம் எங்கன வாங்குன?"

"ஒச்சாண்டி கடையில, அத்தை. சத்தியமா எனக்குத் தெரியாது. இப்பவே எல்லாத்தையும் பிச்சுப்..."

"மெதுவாப் பேசு." கருத்தம்மாள் வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டாள். "பாடை கட்டினது போக நாலு சுருளு மிச்சம். எல்லாத்தையும் மாமனாரோட சேத்து எரிச்சிரச் சொன்னாக எங்க வீட்டுக்காரரு. பளபளன்னு இருந்துச்சா, மனசு வரல. நாந்தேன் கடையில கமுக்கமாத் திருப்பிக் குடுத்தேன். அந்த ஒச்சாண்டி பாவி அதை உன் தலையிலயா கட்டணும்! அவுகளுக்குத் தெரிஞ்சா என்னைய வீட்டுக்குள்ள சேப்பாகளா?"

சோணையம்மாளுக்குப் போன மூச்சு பாதி திரும்பியது. "ஆனா இருளம்மா மதினிக்குத் தெரிஞ்சுபோச்சே, அத்தை. பந்தல்ல சப்பணம் போட்டு உக்காந்திருக்காக."

கருத்தம்மாள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பந்தலுக்குப் போனாள்.

"இருளம்மா மதினி! தாலியும் பூவுமா மகராசியா இருக்கீக. மொதத் தட்டு நீங்கதேன் எடுத்துத் தரணும்."

இருளம்மாளின் வாய் திறந்தது. சபை முழுக்க அவளையே பார்த்தது. முதல் தட்டுக்குக் கூப்பிடும் மரியாதை அவளுக்கு இந்த இருபது வருடத்தில் எந்த வீட்டிலும் கிடைத்ததில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டு, கழுத்தில்லாத கிளியோடு தட்டைத் தூக்கினாள். தன் கையால் எடுத்துக் கொடுத்த தட்டைப் பாடைக் காகிதமென்று இனி அவளே எப்படிச் சொல்வாள்?

மாப்பிள்ளையின் அப்பா தட்டை வாங்கி, "இந்தப் பூவை எங்கனயோ பாத்த மாதிரி இருக்கே," என்றார்.

"கடையில பாத்திருப்பீக," என்றாள் கருத்தம்மாள்.

வண்டி ஏறும்போது அவள் சோணையம்மாளின் காதருகே குனிந்தாள். "நீ எத்தனை சுருளு வாங்குன?"

"மூணு, அத்தை."

"நான் குடுத்தது நாலு."

அன்றிலிருந்து எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் சோணையம்மாள் பெண்ணைப் பார்ப்பதில்லை, மாப்பிள்ளையைப் பார்ப்பதில்லை. தட்டைத்தான் பார்க்கிறாள்.