‘உட்பட’வுக்கு முன்னால்

மனித குலம் இரண்டே பிரிவு. பேப்பரில் ‘உட்பட’ என்ற சொல்லுக்கு முன்னால் நிற்பவர்கள், அதற்குப் பின்னால் கிடப்பவர்கள். முன்னால் நிற்பவருக்குப் பெயர் உண்டு. பெயருக்கு முன் ‘பிரமுகர்’ என்ற பட்டமும் உண்டு. பின்னால் கிடப்பவர்கள் வெறும் எண்ணிக்கை. சாம்ராஜ்யங்கள் எழுந்ததும் விழுந்ததும் இந்த எல்லைக்கோட்டைத் தாண்டத்தான். இந்தப் பேருண்மை செந்துறை உரக்கடை அண்ணாதுரைக்கு சலூனில், பாதி முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தபோது பிடிபட்டது.

பிரமுகர் என்றால் பெரிய மனிதர் என்கிறது அகராதி. பேப்பரிலோ பிரமுகர் ஒன்று கைதாகிறார், இல்லையேல் வெட்டுப்படுகிறார். சும்மா இருக்கிற பிரமுகரை அச்சில் பார்த்தவர் இல்லை. வெட்டு அண்ணாதுரைக்குத் தோதுப்படாது. சர்க்கரை இருக்கிறது, புண் ஆறாது. ஆகவே கைது.

அதற்கு வேளையும் வந்தது. கட்சியில் ஒன்றியச் செயலாளர் பதவி காலி. பெரம்பலூரில் இருக்கும் மாவட்டச் செயலாளர் முடிவாகச் சொல்லிவிட்டார்: “அரியலூர் மறியல்ல எவன் பிரமுகரா பேப்பர்ல வரான்னு பாப்போம். அவன்தான் ஒன்றியம்.”

மைத்துனர் காரில் கொடி கட்டிப் போய் இறங்குவதாகத் திட்டம். மைத்துனர் காரை எடுத்துக்கொண்டு அரும்பாவூருக்கு வளைகாப்புக்குப் போய்விட்டார். அண்ணாதுரை பஸ் ஏறினார். அரியலூருக்குச் சற்று முன்னால் பஸ் நின்றுவிட்டது. கண்ணுக்கு எட்டியவரை சிமெண்ட் லாரிகள்.

“என்னப்பா ஆச்சு?”

“மறியலாம்,” என்றார் கண்டக்டர் மதுரைவீரன். “வேலவெட்டி இல்லாதவனுவோ.”

அண்ணாதுரை துண்டின் கட்சிக் கரையை உள்பக்கமாக மடித்துக்கொண்டார். போன் அடித்தது. நிருபர் கலைச்செல்வன்.

“அண்ணே, எங்க இருக்கீங்க? வேன் வந்துருச்சு. பிரசாத் மொத ஆளா ஏறி சன்னலோரம் உக்காந்துட்டாரு.”

பிரசாத்துக்கும் அதே பதவிமேல்தான் கண்.

“வேன கொஞ்சம் நிறுத்தி வைங்க தம்பி!”

“போலீஸ் வேன நான் எப்படிண்ணே நிறுத்துறது? சட்டுனு வாங்க. கைதாவாத ஆளப் பிரமுகர்னு போட்டா எடிட்டர் என்னயக் கேப்பாரு.”

அண்ணாதுரை இறங்கி ஓடினார். ஒரு கையில் வேட்டி, ஒரு கையில் செருப்பு. லாரிப் புழுதி தொண்டையை அடைத்தது. தூரத்தில் கோஷம் கேட்டது. ஓட ஓட அது மெலிந்தது. கோஷம் மெலிகிறது என்றால் ஆட்கள் வேனில் ஏறுகிறார்கள் என்று பொருள். கடைசிக் குரலும் நின்றபோது அவர் வேன் கதவருகே வந்து சேர்ந்தார். கதவு சாத்தியிருந்தது.

“பெரியவரே, ஓரமா போங்க,” என்றார் இன்ஸ்பெக்டர் மேகலா. “இப்ப பஸ்ஸ விட்டுருவோம்.”

“அம்மா… என்னயக் கைது பண்ணுங்க.”

“எதுக்கு?”

“மறியலுங்க.”

“மறியல் முடிஞ்சுபோச்சுங்க. வூட்டுக்குப் போங்க.”

சன்னலோரத்தில் பிரசாத்தின் தலை தெரிந்தது. “அண்ணே, மூச்சு வாங்குது பாருங்க. அடுத்த மறியல்ல பாத்துக்கலாம்!”

அண்ணாதுரை நடுரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தனி ஆளாகக் கோஷமும் போட்டார். என்ன கோரிக்கைக்காக மறியல் என்பது மறந்துபோனதால் ‘வாழ்க’வும் ‘ஒழிக’வும் மட்டும் வந்தன.

“யோவ், எந்திரிய்யா!” ஷேர் ஆட்டோவிலிருந்து கலையரசி என்ற பெண் கத்தினாள். “புள்ளய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுட்டுப் போறேன்!”

“மேடம், இது ஒன்ன மட்டும் ஏன் விட்டு வச்சீங்க?” என்றார் ஒரு லாரி டிரைவர். “சேத்து ஏத்துங்க.”

போலீஸ் யோசிப்பதற்குள் பொதுமக்களே அவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, வேனுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். உட்கார இடமில்லை. சாயங்காலம்வரை எல்லோரையும் கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து, புளிசாதம் கொடுத்து வெளியே அனுப்பினார்கள்.

மறுநாள் பேப்பர் வந்தது. ‘மறியல்: பிரமுகர் பிரசாத் உட்பட நாற்பத்து மூன்று பேர் கைது.’ பிரசாத்துக்கு மாவட்டச் செயலாளர் சால்வை போடும் படமும் வாட்ஸப்பில் வந்து சேர்ந்தது.

அண்ணாதுரை போன் போட்டார். “தம்பி, எம்பேரு எங்க?”

“எடம் பத்தலண்ணே. அந்த நாப்பத்து மூணுல நீங்களும் ஒருத்தர்தானே.”

எண்ணிக்கையிலாவது இருக்கிறோமே என்று அவர் போனை வைத்தார்.

அதிலும் அவர் இல்லை. அவரைத் தள்ளி ஏற்றியது, போலீஸ் எண்ணி முடித்த பிறகு.