தொட்டி எழும்பாத குழி

சாண எரிவாயுக் குழி கட்டி இரண்டு மாதமாகியும் கண்ணம்மாளின் அடுப்பு கால் மணி நேரத்துக்கு மேல் எரிந்தபாடில்லை. குழியின் மேல் கவிழ்த்த இரும்புத் தொட்டி வாயு சேர்ந்தால் மேலே எழும்ப வேண்டும். அதுவோ சண்டி மாடு மாதிரி படுத்தே கிடந்தது.

வேலூர் கண் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், இனி விறகுப் புகை ஆகாதென்று. இடது கண் ஏற்கெனவே மங்கல். அரசாங்கம் பாதிக்கு மேல் மானியம் தருகிறது என்று கேள்விப்பட்டதும், புருஷன் கன்னியப்பனை நச்சரித்து மனு எழுதிப் போட வைத்தவள் அவள்தான்.

முதலில் குழி கட்டிய மேஸ்திரி தனகோடி மேல் சந்தேகப்பட்டாள். மானியம் என்றாலே சிமெண்டில் கை வைப்பவர்கள்தானே! பக்கத்து வீட்டு பில்கிஸ் சொன்னபடி குழாய் மூட்டெல்லாம் சோப்பு நுரை தடவிப் பார்த்தாள். ஒரு குமிழிகூட வரவில்லை. பாவம், தனகோடியை வீணாகத் திட்டித் தீர்த்திருந்தாள்.

நாலு மாட்டுச் சாணம் போதும் என்றுதான் யூனியன் ஆபீஸில் சொன்னார்கள். கொட்டகையை அவள் வழித்துக் கொடுப்பாள்; கரைத்து ஊற்றுவது கன்னியப்பன் வேலை. கூடை கனம், நீ தூக்காதே என்று அவனாகவே ஏற்றுக்கொண்டான். கல்யாணமாகி இருபது வருஷத்தில் இல்லாத கரிசனம். அதுவே அவளுக்கு உறுத்தியது.

ஒருநாள் காலை, சைக்கிளில் கூடையை வைத்து மேலே கடலைக்கொடியைப் போட்டு மூடிக்கொண்டு அவன் கிளம்ப, பின்னாலேயே போனாள். ஊருக்கு வெளியே அவர்களுடைய கடலைக் கொல்லையில், ஆயில் எஞ்சின் கொட்டகைக்குப் பின்னால் ஆளுயரச் சாணக் குவியல். கொட்டகைக்குள்ளே, எஞ்சின் பக்கத்தில் ரேஷன் மண்ணெண்ணெய் டின்.

அவளுக்கு விளங்கிவிட்டது. டீசல் விற்கிற விலைக்கு, மலிவான ரேஷன் எண்ணெயைக் கலந்துதான் எஞ்சினை ஓட்டுகிறான். வேலூரில் சிலிண்டர் வாங்கிய வீட்டுக் கார்டில் முத்திரை குத்தி எண்ணெயைக் குறைத்துவிட்டார்கள் என்று ரேஷன் கடைக்காரர் சொன்னதிலிருந்து அவனுக்குத் தூக்கமில்லை. சாண அடுப்பு எரிந்தால் நம் கார்டுக்கும் அதே கதி என்று முடிவு கட்டியிருக்கிறான். அவன் கண்ணில் படாமல் அவள் வீடு திரும்பினாள்.

மறுநாள் யூனியன் ஆபீஸிலிருந்து ராமமூர்த்தி பரிசோதனைக்கு வந்தார். அடுப்பு சரியாக எரிவதில்லை, பேருக்குக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள் என்று கன்னியப்பன் முந்திக்கொண்டான். 'செயல்படவில்லை' என்று எழுத அவர் பேனாவைத் திறந்தார். எழுதிவிட்டால் அப்புறம் விறகுதான்.

"குழி மேல குத்தம் இல்ல சார்," என்றாள் கண்ணம்மாள். "சாணி கொல்லையில கீது. இவர்தான் கொண்டுபோய்க் கொட்டுறாரு."

கன்னியப்பனின் முகம் செத்துவிட்டது. "அடுப்பு எரிஞ்சா ரேஷன் கிருஷ்ணாயிலை நிறுத்திடுவீங்களா சார்?" என்று கேட்டான்.

"இப்போதைக்கு அப்படி உத்தரவு எதுவும் இல்லப்பா."

"பாத்தியா, இப்போதைக்குன்றாரு," என்று அவள் பக்கம் திரும்பினான்.

"எண்ணெய் போனா டீசல் வாங்கலாம். என் கண்ணு போனா எந்தக் கடையில வாங்குவே?"

ராமமூர்த்தி ஒரு வாரத்தில் திரும்ப வருவதாகச் சொல்லி பேனாவை மூடினார்.

விடிந்ததும் கன்னியப்பன் கூடையைத் தூக்கினான். குழியில்தான் ஊற்றப் போகிறேன் என்றான். அவள் அவன் கையிலிருந்து கூடையை வாங்கி, தானே சுமந்துபோய்க் கரைத்து ஊற்றினாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. புகை என்று சொல்ல, விறகடுப்பை அன்று இன்னும் பற்றவைக்கவே இல்லை.