ஜோலீனின் துப்பாக்கிக்குப் பித்தளை உறை

அமெரிக்காவின் மொன்டானாவில் ஆரின் தனியாகத்தான் இருந்தார். மகள் ஜோலீன் வேலைக்காக அலாஸ்கா போய்ச் சில வருடம் ஆகிவிட்டது. அவளுடைய பழைய துப்பாக்கிக்கு இப்போது எந்தக் கடையிலும் தோட்டா கிடைப்பதில்லை. அதனால் ஆரின் வேறொரு ரகத் தோட்டாவின் காலிப் பித்தளை உறைகளை எடுத்து, கழுத்தைத் தீயில் காட்டி இளக்கி, அச்சில் அழுத்தி, நீளத்தைச் சீவி, அவள் துப்பாக்கியின் அளவுக்குக் கொண்டுவந்தார். முதலில் சில உறைகள் பிளந்தன. மற்றவை நன்றாகவே வந்தன.

மகளுக்குப் போன் போட்டுச் சொன்னார்.

"தபால்ல அனுப்புங்கப்பா."

"துப்பாக்கி உன்கிட்டதானே இருக்கு? பொருந்துதான்னு பாக்காம எப்படி அனுப்புறது? எடுத்துட்டு வா."

"உறை பொருந்தணுமா, பொண்ணு வரணுமா?"

"ரெண்டுந்தான்," என்றார்.

மான் வேட்டை தொடங்கும் வாரத்தில், கிடைத்த சொற்ப விடுப்பில் ஜோலீன் வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் பட்டறைக்குப் போய், ஓர் உறையைத் துப்பாக்கிக்குள் வைத்து, அதை மூடும் போல்ட்டைத் தள்ளினாள். வழுக்கிக்கொண்டு மூடியது.

"அடேயப்பா! கம்பெனிக்காரன்கூட இப்படிச் செய்யமாட்டான்!" என்று அவரைக் கட்டிக்கொண்டாள்.

ஆரின் சிரித்தார். கொஞ்சம் இறுக்கமாக இருந்திருந்தால், சரிசெய்கிற சாக்கில் இன்னும் இரண்டு நாள் இவளை இருத்தியிருக்கலாமே என்று மனசு அடித்துக்கொண்டது.