மெற்றில்டா வீட்டுத் திருஇருதயம்

ஹியூபேட் சவுந்தரநாயகம் வீட்டைவிட்டுப் போய்ப் பதினொரு மணித்தியாலங்களின் பின், முன்னறைச் சுவரில் மாட்டியிருந்த திருஇருதய ஆண்டவர் படத்தில் இருதயம் துடிக்கத் தொடங்கியது. அது இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு, பெப்ரவரி மாதத்து வியாழக்கிழமைப் பின்னேரம். கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிக்குப் பின்னாலுள்ள அந்த ஒழுங்கைக்கு அன்று மீன்காரன் வரவில்லை. பாண் விலை கூடியிருந்தது. ஹியூபேட்டின் தாய் மெற்றில்டா, சத்தம் பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டருடையது என்று முதலில் நினைத்தாள். மோட்டரை நிறுத்திய பிறகும் சத்தம் நிற்காதபடியால் படத்தடியில் போய்ப் பார்த்தாள். முள்முடி சுற்றிய சிவப்பு இருதயம் கண்ணாடிக்குப் பின்னால் உயர்ந்து தாழ்ந்துகொண்டிருந்தது. கண்ணாடி இளஞ்சூடாக இருந்தது. அவள் கையை எடுத்துச் சேலையில் துடைத்துவிட்டு, முன்கதவின் தாழ்ப்பாளை இன்னொரு முறை சரிபார்த்தாள்.

ஹியூபேட் போனது மூன்று பேருடன், இலக்கத்தகடு இல்லாத ஒரு வெள்ளை வானில். வந்தவர்கள் தாங்கள் யார் என்று சொல்லவில்லை. இருபத்துநான்கு வயதான அவன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் கிளாக்காக இருந்தான். அவனை ஏன் கொண்டுபோனார்கள் என்பது இன்றுவரை தெரியாது. மூவரில் ஒருவன் நல்ல தமிழ் கதைத்தான். அவன் ஹியூபேட்டின் தங்கை பிறிஜெற்றின் அடையாள அட்டையை வாங்கி, ரோர்ச் வெளிச்சத்தில் அவசரமில்லாமல் வாசித்தான். "தங்கச்சிக்கு வெள்ளவத்தையில லாப் வேலை, என்ன? ஆறு மணி பஸ்ஸில வாறது" என்றான். பிறகு மெற்றில்டாவிடம், "அம்மா ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லாட்டி, தங்கச்சி ஒவ்வொரு நாளும் வீட்ட வந்து சேருவா" என்று மரியாதையாகச் சொல்லி, அட்டையைத் திருப்பிக் கொடுத்தான்.

அந்த ஒழுங்கையிலிருந்து வெளிநாடு போகிற பிள்ளைகளும் விடியற்காலையில் வானில்தான் போவார்கள். அனுப்பிவைக்கிற ஏஜென்ற் சொல்லிவைத்தபடி, போய்ச் சேர்ந்து தொலைபேசி வரும்வரை வீட்டார் வாய் திறப்பதில்லை. கண்ணூறு ஒரு காரணம், குடிவரவு அதிகாரிகள் இன்னொரு காரணம். ஆகையால் காலையில் பக்கத்து வீட்டு நளீபா மதிலுக்கு மேலால் எட்டி, "விடியச்சாமத்துல வான் சத்தம் ஒண்டு கேட்டிச்சே அக்கா, ஹியூபேட் எங்கயும் பயணமா?" என்று கேட்டபோது, மெற்றில்டாவின் வாய் தானாகவே, "ஓம். இத்தாலிக்கு" என்றது. நளீபா பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை மதிலுக்கு மேலால் நீட்டினாள். ஒழுங்கையில் கிடந்த ஹியூபேட்டின் செருப்புகள் அதற்குள் இருந்தன. "அல்லாஹ் காப்பாத்துவான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தச் செருப்புகளைப்பற்றி அதன்பின் அவள் எவரிடமும் கதைத்ததாகத் தெரியவில்லை. மத்தியானத்துக்குள் இத்தாலி என்ற செய்தி ஒழுங்கை முழுவதும் பரவியது. பின்னேரம் இருதயம் துடித்தது.

மூன்றாம் நாள் பங்குச் சுவாமி வந்து கண்ணாடியில் காதை வைத்துக் கேட்டார். படத்தின் கீழிருந்த சிவப்புப் பல்ப்பைக் கழற்றினார்கள். பியூசையும் எடுத்துப் பார்த்தார்கள். துடிப்பு நிற்கவில்லை. ஆயருக்கு எழுதுவதா என்று கோவில் சபையினர் கேட்டார்கள். எழுதினால் சனம் வரும், சனம் வந்தால் பொலிஸ் வரும், பொலிஸ் வந்தால் எல்லா வீட்டுக்கும் போகும் என்று சுவாமி சொன்னார். எழுதவில்லை. ஒழுங்கைக்கு வேறு விளக்கம் தேவைப்படவுமில்லை. மகன் இத்தாலி போய்ச் சேர்ந்த சந்தோசத்தில் அந்த வீட்டு ஆண்டவருடைய இருதயம் துடிக்கிறது என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்தவர்கள் பாஸ்போட்டைக் கொண்டுவந்து, இருதயத்துக்கு நேரே கண்ணாடியில் முட்டவைத்துக்கொண்டு போனார்கள். மே மாதமளவில் வெள்ளிக்கிழமைகளில் வாசலில் வரிசை நின்றது. சிலருக்கு விசா கிடைத்தது. கிடைக்காத ஒருத்தி, தன் பாஸ்போட் படும்போது ஆண்டவர் ஒரு துடிப்பை விட்டுவிட்டார் என்று முறைப்பட்டாள். "நீ குடுத்தது போன வருசம் முடிஞ்ச பாஸ்போட், அவர் என்ன செய்யிறது?" என்று வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மெற்றில்டா கொள்ளுப்பிட்டிக் கடையில் வாங்கிய வெளிநாட்டுச் சொக்லேற்றை ஹியூபேட் அனுப்பியதென்று எல்லோருக்கும் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மறுமுனையில் யாருமில்லாத தொலைபேசியைக் காதில் வைத்து, சாப்பிட்டாயா, அங்கே குளிரா என்று ஜன்னலோரமாகக் கேட்டாள்.

அவள் செபிப்பதை நிறுத்தியிருந்தாள். கணவன் துறைமுகத்தில் விபத்தில் இறந்த வருடமும் நிறுத்தாத செபமாலையை இப்போது தொடவில்லை. வீட்டில் எவருமில்லாத நேரங்களில் படத்துக்கு முன்னால் நின்று ஏசினாள். "இருதயம் இருக்கிறதெண்டு எனக்கு ஏன் காட்டுறீர்? என்ட பிள்ளைய வைச்சிருக்கிறவனுக்குக் காட்டும்." அன்பில்லாதவர் கல்லாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம், உயிரோடு துடித்துக்கொண்டு சும்மா பார்த்திருப்பவரை அவளால் பொறுக்க முடியவில்லை. சத்தம் தெருவுக்குக் கேட்கும், தெருவில் நிற்பவன் அந்தத் தமிழ் கதைத்தவனாக இருக்கலாம் என்ற பயமும் இருந்தது. படத்தைக் கழற்றிக் கம்பளியில் சுற்றி அலுமாரிக்குள் சேலைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டினாள். அலுமாரிக் கதவு துடித்தது. வெள்ளிக்கிழமைக்கு மறுபடியும் மாட்ட வேண்டி வந்தது. பிறிஜெற் வெள்ளவத்தையிலிருந்து வர ஐந்து நிமிடம் பிந்தினாலும் மெற்றில்டா ஒழுங்கை முகப்பில் போய் நின்றாள். வான் ஏதும் கடந்தால் மதிலோடு ஒட்டிக்கொண்டாள். அப்படிப் பத்து மாதங்கள் போயின. யாரிடமும் முறையிடாததால் ஹியூபேட்டை யாரும் தேடவில்லை. இத்தாலியில் இருப்பவனை ஏன் தேடுவது?

டிசெம்பரில் பொலிஸ் பதிவுக்கு ஒரு சார்ஜனும் ஒரு கொன்ஸ்தாபலும் வந்தார்கள். தமிழ் வீடுகளுக்கு அப்போது அது வழக்கம். சார்ஜன் கதிரையில் இருந்து, வீட்டில் எத்தனை பேர் என்று சிங்களத்தில் கேட்டான். மெற்றில்டா சொன்னாள். "புத்தா?" என்று மகனைப்பற்றிக் கேட்டான். இத்தாலி என்றாள். அதைச் சொல்லிச் சொல்லி நாக்குப் பழகிவிட்டதால் குரல் நடுங்கவில்லை. ஆனால் அந்தச் சொல்லோடு சுவரில் துடிப்பு வேகம் பிடித்தது. கண்ணாடி சட்டத்துக்குள் அதிர்ந்தது. "மொகக்த மே சத்தே?" என்று சார்ஜன் தலையை நிமிர்த்தினான். என்ன சத்தம் என்று கேட்ட அவனுக்கு மெற்றில்டா படத்தைக் காட்டினாள். அவன் எழும்பி, கிட்டப் போய், நெடுநேரம் பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மிச்சக் கேள்விகளைக் கேட்காமலே வெளியே போனான். கொன்ஸ்தாபல் அவனுக்குப் பின்னால் ஓடினான்.

அன்று பிறிஜெற் லீவில் வீட்டில் நின்றாள். இரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்கிற வேலை அவளுடையது. எதையும் அளந்து பார்த்துத்தான் நம்புவாள். பொலிசார் போனதும் ஒரு கையால் தாயின் மணிக்கட்டைப் பிடித்தாள், மற்றக் கையைக் கண்ணாடியில் வைத்தாள், சுவர் மணிக்கூட்டைப் பார்த்து எண்ணினாள்.

"அம்மாக்கு எண்பத்துநாலு," என்றாள். "அவருக்கு நூற்றிநாப்பது."

"அதுக்கு?"

"சந்தோசத்தில இருக்கிற ஆளுக்கு இப்பிடி அடிக்காது, அம்மா. வான் சத்தம் கேட்டாக் கூடுது. நான் பிந்தி வந்தாக் கூடுது. பொலிஸ் வந்தாக் கூடுது. நான் கனநாளாப் பாக்கிறன். இது பயம்."

"ஆருக்குப் பயம்?"

"அவருக்கு."

"விசர்க்கதை கதையாத. ஆண்டவருக்கு என்ன பயம்?"

மெற்றில்டா குசினிக்குப் போய் அரிசி களைந்தாள். களைந்த தண்ணீரை ஊற்றும்போது, செபமாலையின் துக்க தேவஇரகசியங்களில் முதலாவது, ஆண்டவர் பிடிபட்ட இரவைப்பற்றியது, அவளுக்கு ஞாபகம் வந்தது. பூங்காவனத்தில் அவர் இரத்த வேர்வை வேர்த்ததைத் தியானிப்போமாக என்று செவ்வாயும் வெள்ளியும், எட்டு வயதிலிருந்து, சொல்லி வந்திருக்கிறாள். பயந்த மனிதனுக்குத்தான் வேர்க்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. பானையை வைத்துவிட்டு வந்து, ஈரக்கையோடு படத்தைத் தொட்டாள். ஹியூபேட் குழந்தையாக இருந்தபோது வலிப்பு வந்து, அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய நாளில் தன் நெஞ்சு இப்படி அடித்தது. அதற்குப் பிறகு இவ்வளவு வேகமாக அடித்ததில்லை. பத்து மாதங்களாக அவள் தனியாகப் பயந்துகொண்டிருப்பதாக நினைத்திருந்தாள். அவளைவிட அதிகமாக, நித்திரையில்லாமல், ஒரு நிமிடமும் விடாமல் அவளுடைய பிள்ளைக்காகப் பயந்த ஒருவர் அதே அறையில் இருந்திருக்கிறார். "பெத்தவள் நான்," என்றாள் மெற்றில்டா, "என்னைவிட உமக்கா?" கண்ணாடி அவள் உள்ளங்கையில் அடித்துக்கொண்டிருந்தது. அவருக்கு அன்பில்லை என்று அதற்குப் பிறகு அவள் ஒருநாளும் சொல்லவில்லை. பயம் குறைந்துவிடவுமில்லை. ஒழுங்கை முகப்பில் முன்போலவே போய் நின்றாள். செபமாலை கையில் இருந்தது என்பதுதான் வித்தியாசம்.

தை மாதம் ஒழுங்கைக் கடைசி வீட்டு ஒஸ்வால்ட் தன் ஒரே மகன் டெரன்ஸை இத்தாலிக்கு அனுப்ப ஆயத்தமானான். ஒஸ்வால்ட் முச்சக்கரவண்டி ஓடுகிறவன். டெரன்ஸுக்குப் பத்தொன்பது வயது, புறக்கோட்டையைத் தாண்டித் தனியாகப் போனதில்லை. வழக்கம்போல ஏஜென்ற் வாயை மூடச் சொல்லியிருந்தான். ஆனால் படத்துக்கு முன் செபம் சொல்லாமல் பிள்ளையை அனுப்ப ஒஸ்வால்ட்டுக்கு மனமில்லை. பயணத்துக்கு முதல்நாள் பின்னேரம் மெற்றில்டா வீட்டு முன்னறையில் ஒழுங்கைச் சனம் நெருங்கி முழந்தாளிட்டது. இருதயம் துடித்துக்கொண்டிருந்தது, மின்விசிறிச் சத்தத்தைப்போல அதை இப்போது ஒருவரும் கவனிப்பதில்லை. செபம் முடிந்ததும் டெரன்ஸ் பாஸ்போட்டைக் கண்ணாடியில் வைத்தான். யாரோ, "அங்க போய் வெள்ளைக்காரியக் கட்டிட்டு எங்கள மறந்திடாத தம்பி" என்றார்கள். அவன் வெட்கப்பட்டான்.

ஒஸ்வால்ட் தொலைபேசியைக் கையில் எடுத்துக்கொண்டு மெற்றில்டாவிடம் வந்தான். "அக்கா, ஹியூபேட்ட நம்பரத் தாங்கோ. ரோமில இறக்கினதோட ஏஜென்ற்ற வேலை முடிஞ்சுதாம். ஸ்டேசனில ஹியூபேட் நிப்பானெண்டு சொல்லித்தான் இவன்ர தாயச் சம்மதிக்க வைச்சனான். எங்களுக்கு அங்க வேற ஆர் அக்கா இருக்கினம்?"

எல்லோரும் மெற்றில்டாவைப் பார்த்தார்கள். நளீபா வாசலில் நின்று கீழே பார்த்தாள். ஏதாவது ஒரு இலக்கத்தைச் சொல்லலாம். சொன்னால் இந்தப் பிள்ளை தெரியாத ஊரில், பாஷை தெரியாமல், வராத ஒருவனுக்காகக் காத்து நிற்கும். உண்மையைச் சொன்னால் இரவுக்குள் அது ஜம்பட்டா வீதிக்குப் போகும், அங்கிருந்து எங்கே போகுமென்று தெரியாது. நாளைக்கும் பிறிஜெற் ஆறு மணி பஸ்ஸில் வரவேண்டும். சுவரில் சத்தம் ஏறியது. கண்ணாடி அதிரத் தொடங்கியது. மெற்றில்டா மகளைத் தேடினாள். பிறிஜெற்றின் முகம் வெளிறியிருந்தது. ஆனாலும் அவள் சனத்துக்குள்ளால் வந்து, தாயின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இந்த முறை எண்ணவில்லை.

"ஒஸ்வால்ட், பிள்ளைய அனுப்பாதயுங்கோ," என்றாள் மெற்றில்டா. "அங்க ஒருத்தரும் இல்லை. ஹியூபேட் இத்தாலிக்குப் போகேல்ல. அண்டைக்கு வானில வந்தவங்கள் என்ட பிள்ளையப் பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள்."