கொய்யாவுக்கு எத்தனை சொட்டு

ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கென்று வைத்திருந்த உருளைக்கிழங்கு சனிக்கிழமையே காணாமல் போனபோதுதான் கருப்பாயியின் கவனம் பள்ளிக்கூடத்தின் பக்கம் திரும்பியது. அதுவரை பள்ளிக்கூடம் என்றால் அவளுக்கு தோட்ட ஆபீசுக்குப் பின்னால் இருக்கிற தகரக் கொட்டகை, மகள் முத்தாயி காலையில் போய் மத்தியானம் திரும்பி வருகிற இடம், அவ்வளவுதான். கிழங்கை எடுத்தவள் முத்தாயிதான். ஒளிக்கவும் இல்லை. தட்டோடு கொண்டுவந்து ஆத்தாள் முன்னால் வைத்தாள். நடுவில் குழி தோண்டி, அதில் ஒரு கரண்டி சீனி போட்டு, அடிப்பக்கம் தோல் சீவித் தட்டுத் தண்ணீரில் நிறுத்தியிருந்தார்களாம். இப்போது குழி நிறையத் தண்ணீர் நின்றது. யாரும் ஊற்றவில்லையாம்.

"பின்ன எப்படிடி ஏறுச்சு?"

"உள்ள சீனி இருக்குல்ல ஆத்தா, அது வெளித் தண்ணிய கிழங்கு வழியா இழுத்துக்கிடுது."

கருப்பாயி கிழங்கைத் தூக்கித் திருப்பிப் பார்த்தாள். எங்கேயும் ஓட்டை இல்லை. "நல்லா இழுத்துச்சு போ. நாளைக்குக் குழம்புல எதைப் போடுறதாம்?" என்று கத்திவிட்டு நகர்ந்தாள். ஆனாலும் அடுப்பை அணைப்பதற்குள் இன்னொரு தரம் போய் அந்தத் தட்டை எட்டிப் பார்த்தாள்.

மலாக்கா பக்கம், புலாவ் செபாங் ரயிலடியிலிருந்து இரண்டு கட்டை, அதாவது இரண்டு மைல் தூரம் அந்த ரப்பர் தோட்டம். கருப்பாயி அங்கே பால்வெட்டுக்காரி, ரப்பர் மரத்தைக் கீறிப் பால் இறக்குகிறவள். புருசன் காய்ச்சலில் போன பிறகு யாரிடமும் தலை சொறிந்து நின்றதில்லை. வாய் கொஞ்சம் நீளம், அதைக் குறைத்துக்கொள்ளும் உத்தேசமும் அவளுக்கு இல்லை. பெண்பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதானால் புல்வெட்டுக்கு வரவேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். முத்தாயிக்குப் பன்னிரண்டு முடிந்துவிட்டது. வீரப்பன் கங்காணி பார்க்கிற இடத்திலெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். கருப்பாயிக்கும் மறுக்கக் காரணம் ஒன்றும் தோன்றவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் சாமிநாதன் வாத்தியார் அடுத்த வேடிக்கையை ஆரம்பித்தார். மலாக்கா டவுனில் படித்துவிட்டு வந்த சின்ன வயசுக்காரர். பழச்சாற்றில் வைட்டமின் என்று ஒரு சத்து இருக்கிறதாம், அது குறைந்தால் ஈறில் ரத்தம் கசியுமாம். எந்தப் பழத்தில் அது அதிகம் என்று அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் கண்டுபிடிக்கப் போகிறார்களாம். சாற்றில் கொஞ்சம் வடிகஞ்சியைக் கலந்து, தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸரிடம் வாங்கிய அயோடின் டிஞ்சரைத் தண்ணீர்விட்டுச் சொட்டுச் சொட்டாக விடுவது. சத்து இருக்கிற வரை டிஞ்சரின் நிறம் எடுபடாது. சத்து தீர்ந்ததும் கஞ்சி நீலமாகிவிடும். அதிகச் சொட்டு தாங்குகிற பழம் ஜெயித்தது.

இதைக் கேட்ட பிறகு கருப்பாயியைப் பிடிக்க முடியவில்லை. லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் மீன் கழுவின தண்ணீர் ஊற்றி அவள் வளர்த்த கொய்யா மரத்துக்கு எதிராக எந்த மரம் நிற்கும்? துரை வீட்டுச் சமையல்காரனே கூடையோடு வருகிற மரம் அது. குழாயடியில் வீரப்பன் கங்காணி சிரித்தார். "பழத்துல சத்து இருந்தா என்னா, இல்லாட்டி என்னா? பிள்ளைய எப்ப அனுப்புற?"

"என் கொய்யா ஜெயிச்சா முத்தாயி இன்னும் ஒரு வருசம் படிப்பா. தோத்தா மறுநாளே பேர் கூப்பிடுற பெரட்டுல வந்து நிப்பா. போதுமா?" குழாயடி முழுக்கக் கேட்கிற மாதிரிதான் சொன்னாள்.

சொன்ன வேகத்தில் சனிக்கிழமையே பழம் துருவி, துணியில் போட்டுப் பிழிந்தாள். சபைக்குப் போகிற சாறு பால் டின்னில் போகலாமா? கல்யாணச் சீராக வந்த பித்தளைச் சொம்பைப் புளி போட்டுத் தேய்த்து, முகம் தெரிகிற மாதிரி பளபளக்க வைத்து, அதில் ஊற்றி மூடினாள். பித்தளையில் புளிப்பு வைக்கக்கூடாது என்பது அவளுக்குத் தெரியும். கொய்யா இனிப்புதானே.

ஞாயிற்றுக்கிழமை தகரக் கொட்டகையில் நிற்க இடமில்லை. சொட்டுவிடுகிற வேலை முத்தாயிக்கு. கண்ணாடிக் குழலை இரண்டு விரலில் பிடித்து, மூச்சை அடக்கி, ஒவ்வொரு சொட்டுக்கும் உரக்க எண் சொன்னாள். முனியம்மாவின் எலுமிச்சை ஆறு சொட்டில் நீலமானது. ராமையா வீட்டுப் பப்பாளி ஒன்பது தாங்கியது. கடைசியாகக் கருப்பாயி சொம்போடு எழுந்தாள், முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கல்யாண வீட்டுக்கு வந்தவள் மாதிரி.

முத்தாயி முதல் சொட்டை விட்டாள். கஞ்சி அவுரி மாதிரி நீலமாகி அப்படியே நின்றது.

முத்தாயி ஆத்தாளைப் பார்த்தாள். மகள் எந்த எண்ணைச் சொன்னால் எங்கே போய் நிற்கவேண்டியிருக்கும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"ஒண்ணு," என்றாள்.

"சரியா விழலையோ என்னமோ, இன்னொரு தடவை..." என்று வாத்தியார் தடுமாறினார்.

"இல்ல வாத்தியாரே. ஒண்ணுதான்."

கருப்பாயிக்கு முகம் எரிந்தது. வீரப்பன் கங்காணி சிரித்தது காதில் விழுந்தது. பெற்ற மகளே சபையில் வைத்து மானத்தை வாங்கிவிட்டாளே என்று ஆத்திரம் பொங்கியது. அந்த ஆத்திரத்துக்கு நடுவில் இன்னொன்றும் உறைத்தது. பால் நிறுக்கிற இடத்தில் தராசு முள் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் வாசிக்கிற எண் எந்தப் பக்கம் சாயும் என்று வருசக்கணக்காகப் பார்த்து வருகிறவள் அவள். தன் தலையே போனாலும் ஒன்றை ஒன்று என்று சொல்கிற ஆளை இதுவரை பார்த்ததில்லை. அப்படி ஒருத்தி தன் வீட்டுக்குள்ளேயே சோறு தின்று வளர்ந்திருக்கிறாள்.

முத்தாயி சொம்பைக் கவிழ்த்துப் பார்த்தாள். உள்ளே விரலால் வழித்தாள். லேசாகப் பச்சைக் களிம்பு ஒட்டியது.

"எப்ப ஆத்தா புழிஞ்ச?"

"நேத்து."

"எல்லாரும் இன்னைக்குப் புழிஞ்சு டின்னுலயும் கோப்பையிலயும் கொண்டாந்தாங்க. நம்மதுதான் நேத்துச் சாறு, நம்மதுதான் பித்தளை." அவள் யோசித்துக்கொண்டே பேசினாள். "களிம்புல சத்து போயிருக்கும். மரத்து மேல குத்தம் இருக்காது ஆத்தா. ஓடிப்போய் ஒரு பழம் பறிச்சுட்டு வா."

மகள் ஏவி ஆத்தாள் ஓடியது அன்றைக்குத்தான். பழம் வந்ததும் அங்கேயே துருவி ஒரு கொட்டாங்கச்சியில் பிழிந்தார்கள். முத்தாயி மறுபடி குழலை எடுத்தாள். ஒன்று விழுந்து மறைந்தது. ஐந்து மறைந்தது. பப்பாளியின் ஒன்பதைத் தாண்டியபோது சனம் சேர்ந்து எண்ண ஆரம்பித்துவிட்டது.

"கத்தாதீங்க," என்றார் வீரப்பன் கங்காணி. "முதல்ல விட்டதுதான் கணக்கு. பந்தயம்னா பந்தயம்."

வாத்தியார் சண்டைக்கு எழுந்தார். கருப்பாயி கையமர்த்தினாள்.

"விடுங்க வாத்தியாரே. கங்காணி சொல்றது சரிதான், நான் தோத்துட்டேன். பந்தயம் கட்டுனது நானு, பித்தளையில ஊத்துனதும் நானு." கங்காணியின் பக்கம் திரும்பினாள். "நாளைக்குக் காலையில பால் வெட்டி ஊத்திட்டு, மத்தியானம் புல்லுவெட்டுக்கு நான் வாறேன். ஒரு வருசத்துக்கும் வாறேன். அவ வரமாட்டா."

"ரெண்டு வேலையும் உடம்பு தாங்குமா?"

"அத என் மரத்துக்கிட்ட கேளுங்க."

முத்தாயியின் கை ஒரு கணம் நின்றது. ஆத்தாளைப் பார்த்தாள். மகளின் கண் கலங்கியிருந்தது.

"என்னடி பாக்குற? எண்ணு."

அவள் எண்ணினாள். சொட்டு விழுந்த இடத்தில் நீலம் ஒரு கணம் விரிந்து, பிறகு இருந்த இடம் தெரியாமல் போனது. கடைசியில் டிஞ்சர் தீர்ந்துவிட்டது. முத்தாயி புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து அடியில் தட்டினாள். கருப்பாயி பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கொட்டாங்கச்சிக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே கஞ்சி வெள்ளையாகவே இருந்தது.