மேல்மாடிக்குப் போட்ட கணக்கு

ஓய்வுபெற்ற ஓவசியர் மரியரட்ணம் சுவரின் அடியை அலவாங்கால் தோண்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அத்திவாரம் நல்ல கல்லு, ரீச்சர். மேலை ரெண்டு அறை தாங்கும். ஆனால் ஓட்டுக் கூரையை முழுக்கக் கழட்டி, கொங்கிறீற் தட்டுப் போடவேணும்."

அன்று முழுவதும் பத்மாவதிக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

அவளுக்கு நாற்பத்துமூன்று வயது. உடுவிலில் படிப்பித்தாள். கலியாணப் பேச்சுகள் ஒவ்வொன்றாய்க் குழம்பி, பிறகு ஒருவரும் பேசவில்லை. கொக்குவில் வீட்டில் நோயாளியான தகப்பனை ஆறு வருடம் குளிப்பாட்டி, ஊட்டிப் பார்த்தவள் அவள். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பில் எல்லாம் எரிந்துபோக, தம்பி இராசநாயகம் மனைவி இராசமலரோடும் மூன்று பிள்ளைகளோடும் கப்பலில் ஊருக்கு வந்து இறங்கினான். அடுத்த தையில் தகப்பன் கண்ணை மூடினார். மூன்று அறை வீட்டில் ஆறு பேர் நெருக்குப்பட்டார்கள்.

மேலே கட்டும் யோசனை அவளுடையதுதான். கீழே தம்பி குடும்பம், மேலே அவள். வீட்டுப் படத்தைக் குசினி மேசையில் விரித்து வைத்து அக்காவும் தம்பியும் பல நாள் கதைத்தார்கள். படி வெளியால் வரவேண்டும் என்றாள் அவள். உள்ளால் வந்தால்தான் நல்லது, பிள்ளைகள் வளர்ந்தால் உதவும் என்றான் அவன். அதுவும் சரிதான் என்று விட்டுக்கொடுத்தாள்.

மரியரட்ணத்தின் எஸ்டிமேற்று ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்தில் வந்து நின்றது. அவள் வங்கியில் கடனுக்கு எழுதிப் போட்டாள். சங்கிலியை விற்று, விலை ஏறமுன்னம் என்று ஆயிரத்தைந்நூறு சீமெந்துக் கல்லும் கம்பியும் வாங்கி முற்றத்தில் அடுக்கினாள்.

அனுமதிக்கு வீட்டு உறுதிப் பத்திரத்தின் பிரதி வேண்டும் என்றார்கள் சபைக் கந்தோரில். "தேடுறன் அக்கா" என்றான் இராசநாயகம். மூன்று கிழமையாகத் தேடினான். பொறுமை இழந்த பத்மாவதி, பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுக் காணிக் கந்தோருக்குத் தானே போனாள்.

கிளாக்கர் பதிவுப் புத்தகத்தைப் புரட்டி, விரலை ஒரு வரியில் வைத்தார். போன வருடம் புரட்டாசியில் அந்த வீடும் வளவும் இராசநாயகத்தின் பேருக்கு நன்கொடையாக எழுதப்பட்டிருந்தன.

அந்த நாள் அவளுக்கு நினைவிருந்தது. பென்சன் அலுவல் என்றான் தம்பி. தகப்பனுக்கு வேட்டி உடுத்தி, வாடகைக் கார் பிடித்து, கையைப் பிடித்து ஏற்றிவிட்டவள் அவள்.

சாட்சியாகக் கையெழுத்து வைத்திருந்தவர் அடுத்த வளவுத் தம்பிராசா. நேரே அவரிடம் போனாள். தகப்பனை ஏமாற்றித்தான் தம்பி எழுதுவித்திருப்பான். அதை அவர் ஒரு வாய் சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

"ஐயாவுக்கு விளங்கினதோ, அண்ணை?"

தம்பிராசா கதிரையை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். "உறுதி எழுதின நொத்தாரிசு ரெண்டு தரம் வாசிச்சவர், பிள்ளை. கொப்பர் நல்ல நினைவோடைதான் கேட்டவர். மூத்தவளுக்கு என்ன எண்டு நான் கேட்டனான். 'அவள் தனிச்சீவன், சம்பளம் எடுக்கிறாள். அவளுக்கு என்னத்துக்கு வீடு' எண்டவர். உனக்குச் சொல்லவேண்டாம் எண்டும் சொன்னவர்."

ஆறு வருடம். ஒவ்வொரு நாளும் சோற்றைக் குழைத்து ஊட்டும்போது, "நீ இல்லாட்டி நான் இல்லை" என்று சொன்ன மனிசன்.

வீட்டுக்கு வந்தபோது இராசநாயகம் கதிரையில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முகத்தைக் கண்டதும் எழும்பினான்.

"ஐயாவாத் தந்தது அக்கா. நான் கேட்டு வாங்கேல்லை."

"தந்ததைச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னால் நீங்கள் மனம் நோவியள் எண்டு…"

"என்ரை காசிலை உன்ரை வீட்டை உயர்த்தேக்கை நோகாதோ? நாலு மாதம் என்னோடை இருந்து வீட்டுப் படம் பாத்தியே, தம்பி!"

அவன் தலையைக் குனிந்தான். "ஆர் உங்களைப் போகச் சொன்னது? சாகுமட்டும் மேலை இருங்கோவன்."

சனிக்கிழமை லொறி வந்தது. கல்லையும் கம்பியையும் ஆட்கள் ஏற்றத் தொடங்க, இராசமலர் பதறி ஓடிவந்தாள். "எங்கை மச்சாள் கொண்டுபோறியள்?"

"நான் வாங்கினது. நான் போற இடத்துக்கு."

கூடப் படிப்பிக்கும் குணலட்சுமி உடுவிலில் இரண்டு பரப்புக் காணியைத் தவணைக்குக் கொடுத்தாள். மரியரட்ணம் புதுக் கணக்குப் போட்டார்: ஓர் அறை, ஒரு குசினி, முன்னுக்கு ஒரு சின்ன விறாந்தை. கூலி வேண்டாம் என்றவரிடம் வற்புறுத்திக் கொடுத்தாள். கார்த்திகை மழைக்கு முன் கூரை ஏறியது.

தையில் தகப்பனின் முதலாம் ஆட்டைத் திவசத்துக்கு இராசநாயகம் ஆள் அனுப்பினான். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அன்று வழக்கம்போலப் பள்ளிக்கூடம் போனாள். பின்னேரம் வந்து, மீன் மச்சம் இல்லாமல் சமைத்து, தகப்பனுக்குப் பிடித்த வாழைக்காய்க் கறியும் வைத்தாள். இலையைப் போட்டு அதற்கு முன்னால் இருந்தவளுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.