ஒரு மூச்சுக் கேசட்

1987-லிருந்து பூந்தமல்லி பஷீருதீன் எடுத்த கல்யாண வீடியோ எதுவும் ஒரு மூச்சுக்கு மேல் ஓடியதில்லை. பெண் அழைப்பு, பந்தி, மொய் என்று மூன்று மணி நேரம் படம் பிடிப்பார். கடை அலமாரியில் ஓர் இரவு கிடந்தால் போதும், எல்லாம் வடிந்து ஒரே ஓர் அசைவு மட்டும் நிற்கும். கேமராவை மாற்றினார், சிங்கப்பூர் கேசட் வாங்கிப் போட்டார், பயனில்லை. முதலில் சண்டைக்கு வந்த சனங்கள், நிற்பது அந்தக் கல்யாணத்தின் சாரம் என்று கண்டுகொண்ட பிறகு வேறு ஆளைக் கூப்பிடவே இல்லை. பாடி ஊர் வனஜாவின் கேசட்டில், தாலி கட்டிய மாப்பிள்ளை கையை வேட்டியில் துடைத்துக்கொண்டது நின்றது. அந்த வாரமே அண்ணன்மார் அவளை அழைத்துப் போய்விட்டார்கள்.

ஆவடி குவார்ட்டர்ஸில் லோகநாயகியின் கேசட் வந்த ஞாயிற்றுக்கிழமை, மாமியார் பார்வதம் கலர் டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்திருந்தாள். அதில் என்ன நின்றிருக்குமோ என்று லோகநாயகிக்குப் பயம். கல்யாணமான நாளிலிருந்து கணவன் ரகுநாதன் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஷிப்ட் முடிந்து வருவான், தட்டைப் பார்த்துச் சாப்பிடுவான், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பான். அவளுக்கோ அவனைப் பிடித்துப்போயிருந்தது.

பஷீருதீன் கேசட்டைத் தள்ளினார். திரை வெளுத்தது. ஒரு கை குறுக்கே வந்தது. விரலிடுக்கில் வெளிச்சம் சிவப்பாய்க் கசிந்தது. பிறகு இருட்டு. அவ்வளவுதான்.

"இன்னா பாய் இது, பொண்ணு மூஞ்சியே காணோம்?" என்றாள் பார்வதம்.

"மாப்ள கைதாம்மா அது. தாலி கட்டுனதும் மறைச்சிட்டாரு."

லோகநாயகியின் அப்பா கஜபதி எழுந்துவிட்டார். "என் பொண்ணு மூஞ்சிய ஊருக்குக் காட்டவே புடிக்கல போல. கெளம்பு நாயகி. வனஜா கத நமக்கு வாணாம்."

ரகுநாதன் குனிந்த தலை நிமிரவில்லை. லோகநாயகி வாசல் வரை போய்த் திரும்பினாள்.

"ஏங்க, எதுக்கு மறைச்சீங்க?"

அவன் தரையிடம் சொல்வது போலச் சொன்னான்: "வீடியோ லைட்டு உன் கண்ணக் குத்திகினு இருந்திச்சி. தண்ணி கொட்டிச்சே. ஒருத்தரும் பாக்கல."

லோகநாயகி உள்ளே வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்பா, நீ ஒக்காரு. பாய், இன்னொருவாட்டி போடுங்க."

போட்டார். அந்தக் கையின் நிழல் திரையைவிட்டு இறங்கி, கூடத்தில் இருந்த எல்லார் முகத்திலும் குளிர்ச்சியாக விழுந்தது. அன்றிலிருந்து கத்திரி வெயில் நாட்களில் அக்கம்பக்கத்தார் தலைவலி, கண்ணெரிச்சல் என்று பாயைச் சுருட்டிக்கொண்டு வருவார்கள். பார்வதம் கேசட்டைப் போட்டுவிட்டு, செருப்பை வெளியே விடச் சொல்வாள்.